முள் முளைத்த சிவப்பணுக்கள்: ஒரு அரிய நரம்பு நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முப்பது வயதுக்காரர் ஒருவர் சாப்பிட உட்காருகிறார். சோற்றை வாயில் வைத்ததும் அவருடைய நாக்கே அதை வெளியே தள்ளிவிடுகிறது. தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு எப்படியோ விழுங்குகிறார். நாக்கையும் உதட்டையும் தன்னையறியாமல் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார். அதைத் தடுக்க வாயில் எப்போதும் ஒரு கைக்குட்டை. கை கால்கள் சும்மா இருப்பதில்லை. நடக்கும்போது திடீரென்று முட்டி மடங்குகிறது, தலை முன்னால் விழுகிறது. சில வருஷங்களுக்கு முன்னால் வலிப்பு வந்த கதையும் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் "முன்ன மாதிரி இல்ல, குணமே மாறிப்போச்சு" என்கிறார்கள்.

இதைப் பார்க்கும் டாக்டருக்கு முதலில் ஞாபகம் வருவது ஹண்டிங்டன் நோயாக இருக்கலாம். மனநலப் பிரிவுக்குப் போனால் வேறு பெயர் கிடைக்கும். வலிப்புக்காகப் போனால் வலிப்பு நோய் என்று மட்டும் எழுதுவார்கள். ஆனால் இந்த மனிதரின் ஒரு சொட்டு ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், வழவழப்பான தட்டு மாதிரி இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் ஒரு பகுதி நெருஞ்சி முள் மாதிரி இருக்கும். மூளையில் இருக்கிற நோய்க்குத் துப்பு ரத்தத்தில்!

இந்த நோய்க் குடும்பத்துக்கு நியூரோஅகாந்தோசைட்டோசிஸ் என்று பெயர். அகாந்தா என்றால் கிரேக்க மொழியில் முள். முள் வடிவச் சிவப்பணு அகாந்தோசைட். அதோடு நரம்புக் கோளாறும் சேர்ந்தால் முன்னால் ஒரு 'நியூரோ'.

முதலிலேயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. பிஇ படிச்சுட்டு இருபது வருஷமா கோட் எழுதுறவன். முன்பு என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரின் உறவினருக்கு இது போன்ற உடல் அசைவுகள் வந்து, ஹண்டிங்டன் மரபணுச் சோதனை நெகட்டிவ் என்று வந்துவிட்டது. "அப்போ இது என்னதாண்டா?" என்று அவன் கேட்ட கேள்வியில் ஆரம்பித்ததுதான் இந்த வாசிப்பு. அந்த உறவினரின் கதை அவர்களுடையது, அதை இங்கே எழுதப்போவதில்லை. 'ஹண்டிங்டன் இல்லை' என்று தெரிந்த பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்பதற்கான என் குறிப்புகள் மட்டும் இங்கே.

மூன்று கதைகள், ஒரு முள்

1950-இல் நியூயார்க்கில் பாசன், கார்ன்ஸ்வைக் என்ற இரண்டு மருத்துவர்கள் 18 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். விழித்திரைச் சிதைவு, தள்ளாட்டமான நடை, கூடவே முள் முளைத்த சிவப்பணுக்கள். குடலும் கல்லீரலும் கொழுப்பை ரத்தத்தில் ஏற்றி அனுப்பப் பயன்படுத்தும் பீட்டா லிப்போபுரோட்டீன் இந்த நோயாளிகளிடம் இல்லை என்பது 1960 வாக்கில் தெரியவந்தது. கொழுப்பு ஏறாததால் அதில் கரைந்து வரும் வைட்டமின் ஈ-யும் ஏறுவதில்லை. அதனால் நரம்பு கெடுகிறது. இதன் பெயர் அபீட்டாலிப்போபுரோட்டீனீமியா.

1960-களில் அமெரிக்காவில் லெவின் ஒரு குடும்பத்தையும் கிரிட்ச்லி இன்னொரு குடும்பத்தையும் விவரித்தார்கள். அதே முள், நரம்புக் கோளாறும் உண்டு, ஆனால் பீட்டா லிப்போபுரோட்டீன் சரியாக இருந்தது. இரண்டு கட்டுரைகளும் முழு வடிவில் வந்த வருஷம் 1968. 'லெவின்-கிரிட்ச்லி' என்ற பழைய பெயர் அப்படி வந்ததுதான். பின்னாளில் கோரியா-அகாந்தோசைட்டோசிஸ் என்று ஆனது. கோரியா என்பது உடல் தானாக ஆடும் அசைவு. நாட்டியம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, நாட்டின் பெயரோடு சம்பந்தமில்லை.

மூன்றாவது கதை ரத்த வங்கியில் ஆரம்பிக்கிறது. 1961-இல் பாஸ்டனில் ரத்தம் கொடுத்த ஹார்வர்டு பல் மருத்துவ மாணவர் ஒருவரின் சிவப்பணுக்களில் 'கெல்' வகை ஆன்டிஜென்கள் வழக்கத்தைவிட மிகவும் மங்கலாக இருந்தன. அவர் பெயர் மெக்லியாட், அதனால் இது மெக்லியாட் ரத்த வகை. அப்போது இது ரத்தவியல் வினோதம், அவ்வளவுதான். இதே ரத்த வகை உள்ளவர்களுக்கு அகாந்தோசைட் இருப்பதும், ரத்தத்தில் தசை என்சைம் ஏறியிருப்பதும், நடுவயதில் கோரியாவும் இதய நோயும் வருவதும் அடுத்த இருபது முப்பது வருஷங்களில் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன.

இவை தவிர, பான்கேடூ மரபணுக் கோளாறிலும், ஹண்டிங்டன் மாதிரியே இருக்கும் 'ஹெச்டிஎல்2' நோயிலும் சில நோயாளிகளுக்கு அகாந்தோசைட் காணப்பட்டிருக்கிறது. ஹெச்டிஎல்2 பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படுவது. ஆனால் இந்தக் குடும்பத்தின் மையம் இரண்டு நோய்கள்தான். கோரியா-அகாந்தோசைட்டோசிஸின் மரபணு விபிஎஸ்13ஏ, 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. மெக்லியாட் நோயின் மரபணு எக்ஸ்கே, எக்ஸ் குரோமோசோமில். எக்ஸ்கே 1994-லும் விபிஎஸ்13ஏ 2001-லும் அடையாளம் காணப்பட்டன. இப்போது ஆய்வாளர்கள் பழைய பெயர்களை விட்டுவிட்டு 'விபிஎஸ்13ஏ நோய்', 'எக்ஸ்கே நோய்' என்று மரபணுவின் பெயராலேயே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அது ஏன் நல்லது என்பது கீழே புரியும்.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம்?

"மூன்றுக்குமே முழு மருந்து இல்லையே, எந்தப் பெயராக இருந்தால் என்ன?" என்று கேட்கலாம். நானும் அந்தக் கேள்வியோடுதான் படிக்க ஆரம்பித்தேன். பதில் நோயாளியிடம் மட்டும் இல்லை, அவருடைய பிள்ளைகளிடம் இருக்கிறது.

ஹண்டிங்டன் ஆதிக்க மரபு. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு 2-இல் 1. ஒரு வீட்டில் 'ஹண்டிங்டன்' என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், குழந்தை என்று எல்லா முடிவையும் அந்த நாணயச் சுண்டலை மனதில் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

விபிஎஸ்13ஏ நோய் ஒடுங்கு மரபு. இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய். அப்பா அம்மா இரண்டு பேரும் ஆரோக்கியமாக இருப்பார்கள், ஒவ்வொருவரிடமும் ஒரு பழுதான பிரதி மட்டும் இருக்கும். நோயாளியின் உடன்பிறந்தவர்களுக்கு வாய்ப்பு 4-இல் 1. நோயாளியின் பிள்ளைகள் எல்லோரும் பழுதைச் சுமப்பார்கள், ஆனால் துணைவரும் சுமந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். துணைவர் உறவில்லாத குடும்பத்திலிருந்து வந்தவர் என்றால் அதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு.

நம்ம ஊரில் இங்கேதான் கணக்கு மாறும். நோயாளி கட்டியிருப்பது மாமன் மகளை என்று வைத்துக்கொள்வோம். நோயாளியின் அம்மா நிச்சயம் பழுதைச் சுமப்பவர். அம்மாவின் அண்ணனோ தம்பியோ சுமக்க வாய்ப்பு 2-இல் 1. அவர் மகளுக்கு 4-இல் 1. அவளும் சுமந்தால் பிறக்கும் பிள்ளைக்கு நோய் வர 2-இல் 1. ஆக மொத்தம் 8-இல் 1. அக்கா மகளைக் கட்டியிருந்தால்? நோய் இல்லாத அக்கா பழுதைச் சுமக்க வாய்ப்பு 3-இல் 2, அவர் மகளுக்கு 3-இல் 1, பிள்ளைக்கு 6-இல் 1. இதில் நோயாளியின் பெற்றோரே உறவுக்காரர்கள் என்றால் எண் இன்னும் ஏறும். 2-இல் 1 என்பதும், 8-இல் 1 என்பதும், ஏறக்குறைய பூஜ்யம் என்பதும் ஒரே விஷயம் இல்லையே. பெயர் மாறினால் இந்த எண் மாறுகிறது.

எக்ஸ்கே நோய் எக்ஸ் குரோமோசோம் வழி வருவது. அநேகமாக ஆண்களுக்குத்தான் வரும். சுமக்கும் அம்மாவின் மகன்களில் ஒவ்வொருவருக்கும் 2-இல் 1. நோயுள்ள அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது, மகள்கள் எல்லோரும் சுமப்பார்கள். அதனால் குடும்ப வரலாறு கேட்கும்போது தாய்மாமன், அம்மாவின் தாய்மாமன் என்று அம்மா வழி ஆண்களைத் தேட வேண்டும். "மாமாவுக்கும் ஐம்பது வயசுல கை கால் ஆட ஆரம்பிச்சுது, அப்புறம் ஹார்ட் ப்ராப்ளத்துல போயிட்டார்" என்று பாட்டி சொல்லும் ஒரு வரி, பல ஆயிரம் ரூபாய் டெஸ்டைவிடப் பெரிய தகவல்.

நோயின் முகம்

விபிஎஸ்13ஏ நோய் பொதுவாக இருபதுகளில், முப்பதுகளில் ஆரம்பிக்கும். உலகம் முழுக்க ஆயிரம் பேர் அளவில் இருக்கலாம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. முதல் அறிகுறி எப்போதும் அசைவாகத்தான் இருக்கும் என்பதில்லை. குணமாற்றம், திரும்பத் திரும்ப ஒன்றையே செய்யும் மனக்கட்டாயம், வலிப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று பல வருஷம் முன்னாலேயே வந்திருக்கலாம். நாக்கு உணவைத் தள்ளுவதும், நாக்கையும் உதட்டையும் கடித்துக்கொள்வதும்தான் இந்த நோயின் கையெழுத்து என்று சொல்லலாம். ஹண்டிங்டனில் இவை இந்த அளவுக்கு வருவது அபூர்வம்.

எக்ஸ்கே நோய் இன்னும் தாமதம், பெரும்பாலும் நாற்பதுக்கு மேல். கோரியாவோடு தசை பலவீனம், இதயத் தசை நோய், இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை. நாக்கைக் கடிப்பது இதில் குறைவு.

இரண்டிலும் முட்டியில் சுத்தியலால் தட்டினால் கால் எழும்பாது, அல்லது கொஞ்சமாக எழும்பும். ஹண்டிங்டனில் பெரும்பாலும் நன்றாகவே எழும்பும். எம்ஆர்ஐ எடுத்தால் மூளையின் ஆழத்தில் காடேட் என்ற பகுதி சுருங்கியிருப்பது தெரியும். ஆனால் அது ஹண்டிங்டனிலும் சுருங்கும். அதனால் எம்ஆர்ஐ மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது.

முதலில் குணப்படுத்தக் கூடியதைத் தேடு

கோட் எழுதுறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அபூர்வமான பிழையைத் துரத்துவதற்கு முன்னால், எளிதில் சரிசெய்யக் கூடியது ஏதாவது இருக்கா என்று பார்த்துவிடுவோம். நரம்பியலிலும் அதே வரிசைதான். உடல் தானாக ஆடும் இளம் வயதுக்காரருக்கு வில்சன் நோய் இருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. செம்பு உடலில் சேர்வதால் வருவது, மருந்து உண்டு. ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண்ணில் கைசர்-ஃபிளைஷர் வளையம், இவைதான் தேட வேண்டியவை.

முள் சிவப்பணு தெரிந்தால் அடுத்து கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும். எல்லோரும் கொலஸ்ட்ரால் கூடினால்தான் பயப்படுவோம். இங்கே எல்டிஎல் அநேகமாக இல்லவே இல்லை என்று வந்தால்தான் துப்பு: அபீட்டாலிப்போபுரோட்டீனீமியா. சீக்கிரம் கண்டுபிடித்து அதிக அளவு வைட்டமின் ஈ-யும் கொழுப்பைக் குறைத்த உணவும் கொடுத்தால் நரம்புச் சேதத்தைப் பெருமளவு தடுக்கலாம். சாதாரண லிப்பிட் புரொஃபைல் என்பது எந்தத் தெருவோர லேபிலும் கிடைப்பது. ஆனால் அதைத் தலைகீழாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ரத்தப் படலம் ஏன் ஏமாற்றும்?

பெரிஃபெரல் ஸ்மியர் என்று ரிப்போர்ட்டில் வருமே, அதுதான் இங்கே முக்கியமான சோதனை. இதில் சிக்கல் இரண்டு திசையிலும் இருக்கிறது.

முதல் திசை: இருந்தும் தெரியாமல் போவது. இப்போது ரத்த எண்ணிக்கையை இயந்திரம் செய்கிறது. எண்ணிக்கை, சராசரி அளவு, ஹீமோகுளோபின் எல்லாம் சொல்லும். 'இந்த அணுவில் முள் இருக்கு' என்று சொல்லாது. மனிதர் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும், அவரிடம் எதைத் தேடச் சொல்கிறோம் என்று சீட்டில் எழுதவும் வேண்டும். அப்படியே பார்த்தாலும் விபிஎஸ்13ஏ நோயில் முள் அணுக்களின் பங்கு 5 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை மாறும். சிலருக்கு ஆரம்பத்தில் இருக்காது, நோய் முற்றிய பிறகே தெரியும். சிலருக்குக் கடைசிவரை தெரியாமலும் போகலாம். அதனால் ஒரு ஸ்மியர் நார்மல் என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை.

இரண்டாம் திசை: இல்லாதது இருப்பது போலத் தெரிவது. ரத்தம் குழாயில் ரொம்ப நேரம் நின்றாலோ, கண்ணாடித் தகட்டில் சரியாகக் காயாவிட்டாலோ சாதாரணச் சிவப்பணுவும் சுருங்கி முள் முள்ளாக ஆகிவிடும். அதற்கு எகினோசைட் என்று பெயர். வித்தியாசம் என்ன? எகினோசைட்டில் முட்கள் சின்னதாக, ஒரே அளவில், சம இடைவெளியில் இருக்கும். அகாந்தோசைட்டில் முட்கள் குறைவு, நீளமும் அகலமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, இஷ்டத்துக்கு முளைத்திருக்கும். போதாதற்கு முற்றிய கல்லீரல் நோயிலும் அகாந்தோசைட் வரும்.

இதைச் சரிசெய்ய ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2005-இல் ஒரு முறையைச் சோதித்து வெளியிட்டார்கள். ரத்தத்தை ஹெப்பாரின் கலந்த உப்பு நீரோடு சரிபாதியாகக் கலந்து, ஒரு மணி நேரம் லேசாக ஆட்டிக்கொண்டே வைத்து, காயவிடாமல் ஈரமாகவே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. யாருடைய ரத்தம் என்று பார்ப்பவருக்குச் சொல்லவில்லை. இந்த முறையில் 6.3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இயல்பு என்று எல்லை வைத்தார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். உப்பு நீர், ஒரு மணி நேரம், பொறுமையான கண், அவ்வளவுதான். எனக்கு இந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

சிபிகே: சத்தம் போடாத சாட்சி

ஸ்மியரைவிட நம்பகமான மலிவான துப்பு ஒன்று உண்டு. தசையிலிருந்து கசியும் கிரியேட்டின் கைனேஸ், நம்ம லேப் ரிப்போர்ட்டில் சிபிகே. விபிஎஸ்13ஏ நோய், எக்ஸ்கே நோய் இரண்டிலும் பெரும்பாலானவர்களுக்கு இது கூடியிருக்கும். ஹண்டிங்டனில் இப்படிக் கூடுவது வழக்கமில்லை. 'தானாக ஆடும் உடல், கூடவே சிபிகே அதிகம்' என்ற இரண்டு வரி ஒன்றாக வந்தாலே இந்தக் குடும்பத்தை நினைக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தசை கசியும்போது எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று கல்லீரல் டெஸ்டில் வரும் என்சைம்களும் கூடவே ஏறும். சிபிகே பார்க்காமல் அதை மட்டும் பார்த்தால், "லிவர்ல ஏதோ இருக்கு" என்று தேடல் திசை மாறிவிடும். அகாந்தோசைட்டும் சேர்ந்துகொண்டால் கல்லீரல் நோய் என்றே முடிவு கட்டிவிடலாம். ஒரு எண்ணைத் தனியாகப் படிக்காமல் பக்கத்து எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ரத்த வங்கி தரும் பதில்

நோயாளி ஆண் என்றால் அடுத்த கேள்வி கெல் ரத்த வகை. எக்ஸ்கே புரதம் சிவப்பணுவின் சவ்வில் கெல் புரதத்தோடு ஒரு கந்தகப் பிணைப்பால் கட்டப்பட்டிருக்கிறது. கெல் மரபணு இருப்பது 7-ஆம் குரோமோசோமில், அதில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் எக்ஸ்கே பழுதானால், கெல் புரதமும் குறைந்துபோகிறது. ஒரு லைப்ரரி உடைந்தால் அதை நம்பியிருக்கும் இன்னொன்று தானாக ஓடாமல் நிற்பது மாதிரி. ஆகவே கெல் ஆன்டிஜென்கள் மங்கல், கேஎக்ஸ் ஆன்டிஜென் இல்லை என்று வந்தால் அது மெக்லியாட். இது ரத்த வங்கியில் செய்யும் சோதனை, ஆனால் வழக்கமான ஏ-பி-ஓ, ஆர்ஹெச் பரிசோதனையில் வராது. கேட்டால்தான் செய்வார்கள்.

இதன் பலன் பெயர் வைப்பதோடு முடிவதில்லை. மெக்லியாட் உள்ளவருக்குச் சாதாரண ரத்தம் ஏற்றினால் அவர் உடலில் எதிர்ப்பொருள் உருவாகலாம். அதன் பிறகு அவருக்குப் பொருந்தும் ரத்தம் மிகவும் அரிது, அது எங்கே கிடைக்கும்? அதனால்தான் முன்கூட்டியே தெரிந்தால் அவருடைய சொந்த ரத்தத்தையே எடுத்து உறைய வைத்துப் பாதுகாப்பதைப் பற்றி மருத்துவர்கள் பேசுகிறார்கள். இதயத்தை எக்கோவும் இசிஜியும் வைத்துத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதும் இந்தப் பெயர் தெரிந்தால்தான் தோன்றும்.

கடைசிப் படி: புரதமும் மரபணுவும்

விபிஎஸ்13ஏ மரபணு பெரியது, 73 எக்ஸான்கள். அது உருவாக்கும் புரதத்தின் பெயர் கோரீன், 3,174 அமினோ அமிலங்கள். பழுது இந்த இடத்தில்தான் வரும் என்று சொல்ல முடியாது, குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. அதனால் 2004-இல் ஒரு குறுக்கு வழி வந்தது. மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிப்பதற்குப் பதிலாக, சிவப்பணு சவ்வில் கோரீன் இருக்கா இல்லையா என்று வெஸ்டர்ன் பிளாட் மூலம் பார்ப்பது. விபிஎஸ்13ஏ நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு அது இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். மியூனிக் பல்கலைக்கழகத்தில் அட்ரியன் டானெக் குழுவினர் இந்தச் சோதனையை உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த மாதிரிகளுக்குச் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது எக்ஸோம் சீக்வென்சிங் எளிதாகிவிட்டது. ஆனாலும் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஹண்டிங்டன், ஹெச்டிஎல்2 போன்றவற்றில் மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்து நீண்டுவிடுவதுதான் பழுது. வழக்கமான எக்ஸோம் சோதனை அதை நம்பகமாகக் காட்டாது, தனியாகச் செய்ய வேண்டும். 'எக்ஸோம் நார்மல், அதனால் ஹண்டிங்டன் இல்லை' என்பது தவறான வாதம். இரண்டு, மரபணுவின் பெரிய துண்டு முழுதாகக் காணாமல் போயிருந்தாலும் எக்ஸோம் கோட்டைவிடலாம். ஒரு பிரதியில் மட்டும் பழுது தெரிந்து இன்னொன்றைக் காணோம் என்றால், காணாமல் போன துண்டைத் தேடும் சோதனை வேண்டும்.

மூளைக்கும் சிவப்பணுவுக்கும் என்ன சம்பந்தம்?

வேறு வேறு குரோமோசோமில் இருக்கும் இரண்டு மரபணுக்கள் ஏன் இவ்வளவு ஒத்த நோயைத் தர வேண்டும்? வெகுகாலம் இதற்குப் பதில் இல்லை. விபிஎஸ்13 என்பது முதலில் ஈஸ்ட்டில் கண்ட புரதம். அதன் வேலை என்ன என்பது யேல் பல்கலைக்கழகத்தில் ரைனிஷ், டி கமிலி குழுக்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவானது. செல்லுக்குள் ஒரு சவ்விலிருந்து இன்னொரு சவ்வுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளைக் கடத்தும் புரதம் அது. நீளமான ஒரு வாய்க்கால் என்று கற்பனை செய்துகொள்ளலாம். தண்ணீர் ஒட்டாத அந்தப் பள்ளத்தின் வழியாகக் கொழுப்பு வழுக்கிக்கொண்டு போகிறது.

2020-இல் அடுத்த துண்டு கிடைத்தது: விபிஎஸ்13ஏ-வும் எக்ஸ்கே-யும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் கூட்டாளிகள். சவ்வு என்பது இரண்டு அடுக்கு. வாய்க்கால் வழி வரும் கொழுப்பு ஓர் அடுக்கில்தான் சேரும், அதை மற்ற அடுக்குக்கும் பங்கிட ஆள் வேண்டும். எக்ஸ்கே சேர்ந்த குடும்பத்தின் வேலையே அப்படிப் புரட்டிப் போடுவது. ஆக வாய்க்கால் உடைந்தாலும் சரி, மடை உடைந்தாலும் சரி, வயல் கெடுவது ஒரே மாதிரி. சிவப்பணுவின் வழவழப்பு அதன் சவ்வின் இரண்டு அடுக்கும் சமமாக இருப்பதைப் பொறுத்தது. அந்தச் சமநிலை குலைந்தால் முள் முளைப்பது புரிகிறது. காடேட் பகுதி நரம்பணுக்கள் மட்டும் ஏன் முதலில் சாகின்றன என்பது இன்னும் திறந்திருக்கும் கேள்வி.

பெயரை மரபணுவின் பேரால் மாற்றியதற்கான காரணம் இங்கே இருக்கிறது. முள் சிவப்பணு இந்த நோயின் காரணம் இல்லை, எல்லோருக்கும் இருக்கும் அடையாளமும் இல்லை. அதை நோயின் பெயரிலேயே வைத்தால், 'முள் இல்லையே, அப்போ இந்த நோய் இல்லை' என்று ஒருவரைத் திருப்பி அனுப்பும் ஆபத்து உண்டு.

பெயர் தெரிந்த பிறகு

நோயை நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை. ஆனால் செய்ய நிறைய இருக்கிறது. வலிப்புக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் கார்பமாசெபைன், லாமோட்ரிஜின் போன்றவை சிலருக்கு இந்த அசைவுகளை அதிகமாக்கலாம் என்பதால் மருந்துத் தேர்வு மாறும். விழுங்குவதற்குப் பயிற்சி, புரையேறாமல் உணவின் பதத்தை மாற்றுவது, பற்களுக்கு உறை, எடை குறையாமல் பார்த்துக்கொள்வது, மனச்சோர்வுக்குச் சிகிச்சை. அசைவு தாங்க முடியாத சிலருக்கு மூளையில் மின்முனை வைக்கும் டிபிஎஸ் அறுவைச் சிகிச்சை பலன் தந்திருக்கிறது.

கடைசியாக, என் நண்பனுக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டை அப்படியே இங்கே வைக்கிறேன். நோயைத் தீர்மானிக்க அல்ல, நரம்பியல் டாக்டரிடம் கேட்பதற்கு:

1. வில்சன் நோய்க்கான சோதனைகள் முடிந்துவிட்டனவா?
2. சிபிகே பார்த்தாச்சா? லிப்பிட் புரொஃபைலில் எல்டிஎல் எவ்வளவு?
3. அகாந்தோசைட் தேடி, புதிதாக எடுத்த ரத்தத்தில் ஸ்மியர் பார்க்க முடியுமா? ஒரு தடவை இல்லை என்றால் திரும்பவும் பார்க்கலாமா?
4. ஆண் என்றால்: கெல், கேஎக்ஸ் ஆன்டிஜென் பார்க்கலாமா? அது தெரியும்வரை அவசரம் இல்லாமல் ரத்தம் ஏற்ற வேண்டாம் என்று கோப்பில் எழுத முடியுமா?
5. மரபணுச் சோதனையில் எழுத்து நீளும் வகைப் பழுதும், துண்டு காணாமல் போகும் பழுதும் சேர்ந்திருக்கிறதா?
6. மரபணு ஆலோசகரிடம் மூன்று தலைமுறைக் குடும்ப மரத்தோடு போக வேண்டும். யார் யாரைக் கட்டினார்கள் என்பதையும் அதில் குறிக்க வேண்டும்.

ஆறாவதை வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். அதற்கு லேபும் வேண்டாம், காசும் வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளும், பழைய கதையெல்லாம் ஞாபகம் வைத்திருக்கும் ஒரு பாட்டியும் போதும்.